மலையேறும் மாப்பிள்ளை

மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? முதலில் ஜாதகம் பார்ப்பார்கள். பிறகு குலம், உத்தியோகம், சம்பளம் எல்லாம் விசாரிப்பார்கள். பையன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும், "ஆஹா, ராஜா மாதிரி இருக்கிறானே!" என்று மயங்கிப்போய்த் தட்டு மாற்றிவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் விவரம் தெரிந்த பாட்டி ஒருத்தி கூட்டத்தில் இருந்தால், அவள் பையனின் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். தண்ணீர் கேட்கிற சாக்கில் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து நாலு வார்த்தை விசாரித்துவிட்டு வருவாள்!

சென்ற புரட்டாசி மாதம் நானும் அப்படி ஒரு மாப்பிள்ளை பார்க்கப் போயிருந்தேன். நகை போட வேண்டியவர்கள் நாங்கள். மாப்பிள்ளைக்கு வயது பதினாறு. எடை ஒரு டன்னுக்கு மேல். குடிப்பது டீசல். ஆமாம், ஒரு பழைய ஜீப்தான்!

"ஜீப் வாங்குவதெல்லாம் ஆண்கள் சமாசாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஜீப்பின் முன் ஸீட்டில் வேண்டுமானால் ஆண்கள் உட்காரட்டும். பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் யார்? போடிநாயக்கனூருக்கு ஒரு நாள் அதிகாலையில் வந்து பாருங்கள், தெரியும்.

மதுரையிலிருந்து போடிக்கு 1928-லேயே ரயில் வந்துவிட்டது. அகலப் பாதை போடுவதற்காக 2010 கடைசியில் அதை நிறுத்தினார்கள். போடிக்காரர்கள் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் பொறுத்திருந்து, 2023 ஜூன் மாதம் மறுபடியும் ரயிலைக் கண்ணால் பார்த்தார்கள். இந்த ஊரில் உங்களை முதலில் வரவேற்பது மனிதர்களல்ல, வாசனை! கடைத்தெருவில் நடந்தால் ஏலக்காய் மணம் கூடவே வருகிறது. மேற்கே மலைமேல் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் விளைகிற காய் இங்கே இறங்கி, தரம் பிரிக்கப்பட்டு, ஏலத்துக்கு வருகிறது.

காய் கீழே இறங்குவதற்கு முன்னால், அதைப் பறிக்க ஆள் மேலே ஏற வேண்டுமல்லவா? பொழுது விடிவதற்குள் ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. புடவைக்குமேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. இந்தக் கோலத்தில் பெண்கள் ஏறி உட்காருகிறார்கள். பறிக்கும் பருவம் முழுவதும் நாள்தோறும் மலைமேல் போய், பொழுது சாய்கையில் மலை இறங்குகிறார்கள். வாடகை ஜீப்புகளில் எத்தனை பேர் உட்காரலாம் என்று கணக்கு உண்டு. எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது!

என் அக்கா போடியில் வாழ்க்கைப்பட்டவள். அத்தானுக்குப் பூப்பாறைக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் ஏலத் தோட்டம். அக்காவும், கூட வேலைக்கு வரும் நாலு பெண்களும் வாடகை ஜீப்பில்தான் போய்வந்துகொண்டிருந்தார்கள். சென்ற ஆடியில் ஒரு நாள் சாயங்காலம், இறக்கத்தில் அந்த ஜீப்புக்குப் பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் கெட்டிக்காரர், பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கமாகச் சாத்தி நிறுத்திவிட்டார். யாருக்கும் உயிர்ச் சேதமில்லை. அக்காவுக்கு நெற்றியில் மூன்று தையல்.

அன்று இரவே தன் ஐந்து பவுன் சங்கிலியைக் கழற்றி அத்தான் முன்னால் வைத்தாளாம். "நமக்குன்னு ஒரு வண்டி வேணும். இனிமே அடுத்தவக வண்டியில என்னால உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இறங்க முடியாது" என்று சொல்லிவிட்டாளாம்.

அத்தான் தயங்கியதிலும் நியாயம் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7000 ரூபாய் வரை போன ஏலக்காய், அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மலைப் பாதையாவது எங்கே வளையும் என்று தெரியும். ஏலக்காய் விலை எங்கே வளையும் என்று யாருக்குத் தெரியும்? புது வண்டிக்கு வழியில்லை. பழைய ஜீப்தான். ஆனால் பழைய ஜீப் என்பது பிறர் உபயோகித்த புடவை மாதிரி. எங்கே இழை விட்டிருக்கிறது என்பது உடுத்திய பிறகுதான் தெரியும்!

அதனால்தான் நாங்கள் நாலு பேராகக் கிளம்பினோம். அக்கா, அத்தான், நான், நாலாவதாக ஒரு மெக்கானிக் பெரியவர். நாற்பது வருஷமாக ஜீப்புகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர். கையில் ஒரு துணிப்பை. அதில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டார்ச் விளக்கு, பழைய ரேடியோவிலிருந்து எடுத்த ஒரு வட்டக் காந்தம், ஒரு சாக்கு. "சாக்கு எதற்கு, அண்ணே?" என்று கேட்டேன். "மாப்பிள்ளை வீட்டுல பாய் போட மாட்டாக, தாயி. படுத்துப் பார்க்க நாமதான் கொண்டுபோகணும்" என்றார்.

பஸ் முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மலை ஆரம்பமாகிறது. போடியிலிருந்து போடிமெட்டு சுமார் 25 கிலோமீட்டர். அதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே புழுக்கம். ஏழெட்டு வளைவு ஏறியதும் ஜன்னல் காற்று ஜில்லென்று மாறுகிறது. திரும்பிப் பார்த்தால் போடியும் அதைச் சுற்றிய மாந்தோப்புகளும் யாரோ விரித்துப்போட்ட கண்டாங்கிச் சேலை மாதிரி தெரிகின்றன. மேலே சுமார் 4500 அடி உயரத்தில் மெட்டு. அதைத் தாண்டினால் கேரளம். திடீரென்று உலகமே பச்சையாகிவிடுகிறது. பெரிய மரங்களின் நிழலில் ஏலச் செடிகள், அப்பால் வெட்டிவிட்ட மெத்தை போலத் தேயிலை.

மெயின் ரோட்டை இப்போது அகலமாகவே போட்டிருக்கிறார்கள். பிறகு ஜீப் எதற்கு என்று கேட்கிறீர்களா? தோட்டங்கள் மெயின் ரோட்டிலா இருக்கின்றன? ரோட்டிலிருந்து பிரிகிற மண் பாதையில் மழை பெய்தால் சாதாரணக் கார் நெற்றியை மண்ணில் வைத்து நமஸ்காரம் செய்துவிடும். சாதாரண வண்டியில் எஞ்சின் இரண்டு சக்கரங்களைத்தான் சுற்றும். மற்ற இரண்டும் சும்மா கூட உருளும். ஜீப்பில் வேண்டும்போது நாலு சக்கரத்துக்கும் எஞ்சினின் பலத்தைக் கொடுக்கலாம். பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கம்பிகளின் வேலை அது. இன்னும் ஒரு விசேஷம் உண்டு. 'லோ' என்கிற நிலையில் போட்டால் சக்கரங்களின் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைந்து, இழுவைப் பலம் அதே அளவு கூடும். ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் இது முக்கியம். பிரேக்கைத் தொடாமலே வண்டியை எஞ்சின் பிடித்துப் பிடித்து இறக்கும். கிணற்றுக்குள் குடத்தை விடும்போது கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து விடுகிறோமல்லவா, அந்த மாதிரி.

1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காக ஆயிரக் கணக்கில் தயாரிக்கத் தொடங்கிய வண்டி இது. யுத்தம் முடிந்ததும் 1947-ல் மஹிந்திரா கம்பெனியார் பம்பாயில் இதைப் பூட்ட ஆரம்பித்தார்கள். யுத்தத்துக்குப் பிறந்த பிள்ளை ஏலக்காய் சுமக்க வந்து சேர்ந்தது! பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லி என்று இந்தப் பக்கத்தில் எந்தச் சந்தியில் பார்த்தாலும் இரண்டு ஜீப் நிற்கும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை தேயிலைத் தோட்டத்துக்கு ஜீப்பை விட்டால் வேறு வாகனமே கிடையாது. கல்லும் குழியுமான அந்தப் பாதையில் சூரியோதயம் பார்க்க உல்லாசப் பிரயாணிகளைத் தினமும் ஏற்றிப் போகிறார்கள். நாங்கள் பார்க்கப் போன மாப்பிள்ளையும் அந்தப் பாதையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்தான்.

வியாபாரியின் கொட்டகையில் ஜீப்பைப் பார்த்ததும் எங்களுக்குக் கண் கூசியது. பச்சை வர்ணம் பளபளக்கிறது. புது ஸீட் உறை. முன்னால் நாலு மஞ்சள் விளக்குகள். உள்ளே பாட்டுப் பெட்டி. அக்கா முகம் மலர்ந்துவிட்டது. அத்தானின் கை தானாகவே அட்வான்ஸ் பணம் இருந்த பைக்குப் போயிற்று.

மெக்கானிக் பெரியவர் வர்ணத்தைப் பார்க்கவே இல்லை. நேரே போய் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல் பார்க்கிறமாதிரி.

"சூடா இருக்கே, தம்பி?"

"இப்பத்தான் ஸ்டார்ட் செய்து துடைச்சு வெச்சேன். வண்டி சூப்பர் கண்டிஷன், சேச்சி!" என்றார் வியாபாரி, பெரியவரை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்து.

"நல்லது. ஆறட்டும். நாங்க டீ குடிச்சிட்டு வாரோம்" என்று பெரியவர் நடந்துவிட்டார்.

வெளியே வந்து எங்களுக்கு விளக்கினார். எஞ்சினில் வியாதி இருந்தால் அது குளிர்ந்திருக்கும்போதுதான் வெளியே தெரியுமாம். காலையில் எழுந்ததும் இருமுகிற நோயாளி, மத்தியானம் சரியாகி விடுகிறாரல்லவா? வாங்குகிறவர்கள் வருவதற்கு முன்னால் எஞ்சினைச் சூடாக்கி வைத்தால் இருமல் தெரியாது. ஆகவே நீங்கள் எந்தப் பழைய வண்டியைப் பார்க்கப் போனாலும், "நாங்கள் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எஞ்சின் ஆற இரண்டு மணி நேரம். அதற்குள் ஜாதகத்தைப் பார்த்தோம்.

ஜாதகம் என்பது ஆர்.சி. புத்தகம். அதிலுள்ள சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் செதுக்கியிருக்கிற நம்பர்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பெரியவர் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து நம்பரை வாசிக்க, அக்கா புத்தகத்தை வைத்துக்கொண்டு சரி பார்த்தாள். பொருந்தியது. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதன் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022-லிருந்து அதற்குக் கட்டணமும் கூடிவிட்டது. மாப்பிள்ளைக்கு வயது பதினாறல்லவா? புதுப்பித்திருந்தார்கள். நல்லது.

அடுத்த பக்கத்தில் அக்காவின் விரல் நின்றது. வண்டியின் பேரில் கடன் என்று போட்டிருந்தது.

"அதெல்லாம் அடைச்சு ரெண்டு வருஷமாச்சு, சேச்சி."

"அடைச்சதுக்குக் காகிதம்?"

வியாபாரி தலையைச் சொறிந்தார். கடன் கொடுத்தவர் எழுதிக் கொடுக்கும் அந்தக் காகிதம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. தவிர, கேரளத்து வண்டியைத் தமிழ்நாட்டில் பதிய வேண்டுமானால் கேரளத்து அலுவலகத்தின் ஆட்சேபணை இல்லை என்கிற சான்றும் வேண்டும். இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். விலை பேசும்போது இந்தச் செலவை மறந்துவிட்டால், மலிவாக வாங்கியது பிறகு விலை கூடிவிடும்.

இன்னொன்று. பின் ஸீட்டில் எத்தனை பேர் என்று ஆர்.சி.யில் எழுதியிருக்கிறது. அதற்கு மேல் ஏற்றக் கூடாது. சொந்த உபயோக வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றக் கூடாது. மூன்றாம் மனிதருக்கான இன்ஷூரன்ஸ் மட்டும் கட்டியிருந்தால், வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அடிபட்டால் அது கை கொடுக்கும் என்று நம்ப முடியாது. கூட வருகிறவர்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். "இது தெரியாமத்தான் இத்தனை வருஷமா ஏறி இறங்கினோமா!" என்றாள் அக்கா, நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டு.

பிறகு சாக்கை விரித்தார் பெரியவர். வண்டிக்கு அடியில் படுத்தார். அடுத்து நடந்ததைக் கண்டு வியாபாரி வாயைப் பிளந்தார். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானும் ஒரு சாக்கைப் போட்டுப் படுத்துவிட்டாள்! "என் சங்கிலி எங்கே போகுதுன்னு நானும் பார்க்க வேண்டாமா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஜீப்பின் முதுகெலும்பு சேஸிஸ். மேலே தகரம் துருப்பிடித்தால் மாற்றலாம். முதுகெலும்பு துருப்பிடித்தாலோ வளைந்தாலோ, வண்டியையே மறந்துவிட வேண்டியதுதான். மழை நாட்டு வண்டிகளில் சேறு சந்துகளில் புகுந்து, காயாமல் கிடந்து, இரும்பை உள்ளேயிருந்து தின்னும். பெரியவர் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் நீளம் முழுவதும் தட்டிக்கொண்டே போனார். தேங்காயைத் தட்டிப் பார்க்கிற கதைதான். 'டங், டங்' என்றால் நல்ல இரும்பு. 'டொப்' என்றால் சொத்தை. அடியில் மட்டும் புதுசாகக் கறுப்பு வர்ணம் அடித்திருந்தால் இரட்டைக் கவனம் வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்குகிற இடமும், ஸ்டீயரிங் பெட்டியைப் பூட்டியிருக்கிற இடமும் முதலில் விரிசல் விடுமாம். அங்கே வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு தழும்பு இருந்தது. இடது முன் பட்டைக்கு மேலே. "ஒழுங்காப் பட்டை வச்சுத்தான் ஒட்டியிருக்கான். ஆனா இங்க ஒட்டுற அளவுக்கு ஏதோ நடந்திருக்கு" என்றார் பெரியவர்.

வெளியே வந்து காந்தத்தை எடுத்தார். கதவு ஓரமாக வைத்தார், ஒட்டியது. சற்றுக் கீழே நகர்த்தினார், பொத்தென்று விழுந்துவிட்டது. தகரம் இருக்க வேண்டிய இடத்தில் பட்டி! முகத்தில் அம்மைத் தழும்பை மாவு பூசி மறைத்தமாதிரி, துருப்பிடித்த பள்ளத்தைப் பட்டியால் நிரப்பி, மேலே பச்சை வர்ணம். இந்தக் காந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். வீட்டு அலமாரியில் ஒட்டுகிற சிறு காந்தமே போதும்.

டயர்களைப் பார்த்தோம். பக்கவாட்டில் நாலு எண்கள் ஒரு வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்த டயர். நாலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நாலு சக்கரமும் ஒன்றாக இழுக்கும் வண்டியில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்றால், ஒத்துப்போகாத சம்பந்திகள் மாதிரி ஒன்றையொன்று இழுத்துக் கியர் பெட்டியை உடைத்துவிடும்.

எஞ்சின் ஆறிவிட்டது. ரேடியேட்டர் மூடியையும் ஆயில் மூடியையும் திறந்து பார்த்தார் பெரியவர். ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெளுத்த நுரை இருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது, பெரிய செலவு. இங்கே நுரை இல்லை. ஸ்டார்ட் செய்தார்கள். குளிரில் முதல் சில விநாடி சாம்பிராணி மாதிரி வெள்ளைப் புகை வந்தால் பயமில்லை; நிற்காமல் வந்தால்தான் கவலை. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கரும்புகை கொட்டினால் டீசல் சரியாக எரியவில்லை. நீலப் புகை விடாமல் வந்தால் எஞ்சின் ஆயிலையே குடிக்கிறது. எங்கள் மாப்பிள்ளை கொஞ்சம் கரும்புகை விட்டார். "இன்ஜெக்டரைச் சுத்தம் பண்ணினாப் போதும்" என்றார் பெரியவர். அக்காவின் முகத்தில் மறுபடி வெளிச்சம் வந்தது.

பிரேக்கை மிதித்து ஒரு நிமிஷம் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தார். மிதி மெள்ள மெள்ளக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். இறங்கவில்லை.

அடுத்தது, இது நிஜமாகவே நாலு சக்கர இழுவைதானா என்கிற சோதனை. சிரிக்காதீர்கள். இதே ஜீப் முகத்தோடு இரண்டு சக்கர இழுவை வண்டிகளும் ஏராளமாக வந்திருக்கின்றன. கம்பி மட்டும் இருந்து, முன் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டைக் கழற்றி விற்றுவிட்ட வண்டிகளும் உண்டாம். கொட்டகைக்குப் பின்னால் சேறாகக் கிடந்த ஒரு சரிவில் வியாபாரியின் டிரைவரை ஏறச் சொன்னார் பெரியவர். முதலில் சாதாரணமாக. பின் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு நின்ற இடத்தில் சுற்றின. பிறகு நாலு சக்கரத்தையும் சேர்க்கச் சொன்னார். ஜீப் கனைத்துக்கொண்டு, யானைக் கன்று மாதிரி மேலே ஏறி நின்றது!

அத்தான் கையைத் தட்டிவிட்டார். எனக்கும் திருப்திதான். பட்டியும் தழும்பும் இருந்தாலென்ன, விலையில் குறைத்துக்கொள்ளலாம். கடன் காகிதம் வந்ததும் முடித்துவிடலாம் என்று பேச்சு அந்த வழியில் போயிற்று.

"ஏறிட்டாரு. இறங்கிப் பார்ப்போமா?" என்றார் பெரியவர்.

எல்லோரும் ஏறிக்கொண்டோம். டிரைவருக்குப் பக்கத்தில் பெரியவர். பின்னால் நாங்கள். தோட்டத்துக்குள் போகிற பாதை. ஒரு பக்கம் ஏலச் செடி, ஒரு பக்கம் சரிவு. 'லோ'வில் போட்டு, பிரேக்கைத் தொடாமல் இறங்கச் சொன்னார். ஜீப் முனகிக்கொண்டே அடி அடியாக இறங்கிற்று. எல்லாம் சுபம் என்று நான் நினைத்த சமயத்தில் அக்கா முன்னால் குனிந்தாள்.

"தம்பி, உங்க இடது காலைக் கொஞ்சம் எடுங்க."

டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"அந்தச் சின்னக் கம்பியை எதுக்கு முட்டியாலே அழுத்திப் பிடிச்சிருக்கீக? காலை எடுங்க."

டிரைவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தலையை அசைத்தார். கால் நகர்ந்தது.

பத்தடி கூடப் போயிருக்கமாட்டோம். 'டக்'கென்று ஒரு சத்தம். கம்பி தானாகத் துள்ளி நடுவே வந்து நின்றது. அதுவரை பிடித்துக்கொண்டிருந்த எஞ்சின் கையை விட்டுவிட்டது. கயிறு நழுவிய குடம் மாதிரி ஜீப் ஒரே ஓட்டமாகப் பாய்ந்தது! டிரைவர் பிரேக்கை மிதித்தார். நின்றது. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கீழே எங்கேயோ ஓடை சலசலக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

இறக்கத்தில் கியர் கழன்று வருவது தேய்மானத்தின் அடையாளம். பெட்டியைப் பிரித்துச் சரி செய்ய முடியும். பணம் செலவாகும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கால்? அது தற்செயலாக அங்கே போகவில்லை. பெரியவர் இறங்கிச் சாக்கை மடித்துக்கொண்டே சொன்னார்: "வண்டிக்கு வர்ற வியாதி மூணு வகை, தாயி. காசு கொடுத்தா உடனே தீர்றது ஒண்ணு. காசும் காலமும் கொடுத்தாத் தீர்றது ஒண்ணு. மூணாவது, விக்கிறவன் தெரிஞ்சே மறைக்கிற வியாதி. அதுக்கு மருந்தே கிடையாது. ஒண்ணை மறைச்சவன் இன்னும் எத்தனையை மறைச்சானோ?"

நாங்கள் பஸ்ஸிலேயே திரும்பினோம். வளைவுகளில் இறங்கும்போது அத்தான் மெதுவாகக் கேட்டார்: "அது உன் கண்ணுல எப்படிப் பட்டுச்சு?"

"பதினெட்டு வருஷமாப் பின்னாடி உட்கார்ந்து டிரைவர் காலையும் கையையும் பார்த்துக்கிட்டுத்தான இறங்குறேன்? வேற எதைப் பார்க்கிறது? பள்ளத்தையா?" என்றாள் அக்கா.

அந்தச் சங்கிலி அப்போது அவள் கழுத்தில்தான் இருந்தது.

கார்த்திகையில் வேறொரு ஜீப் வாங்கினார்கள். ஒரு தோட்டக்காரர் கொடுத்தது. வர்ணம் மங்கி, மண் நிறத்துக்கு வந்துவிட்ட வண்டி. ஸீட் உறையில் இரண்டு ஒட்டு. "ஸ்டீயரிங்கில் இரண்டு விரல் ஆட்டம் இருக்கிறது, பின் பட்டையில் ஒரு தகடு மாற்ற வேண்டும்" என்று விற்றவரே முதலில் சொல்லிவிட்டார். அவர் சொன்ன குறைகளைத் தவிர வேறு எதையும் பெரியவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. இறக்கத்தில் கம்பி அசையவில்லை. முன் விளக்குகள் மட்டும் மங்கல். அதை உடனே மாற்றினார்கள். 2023-ல் சின்னக்கானலிலிருந்து அப்புறப்படுத்திய அரிக்கொம்பன் யானையைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அவன் போய்விட்டாலும் அவனுடைய உறவினர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். இருட்டில் பாதையின் நடுவே யார் நிற்கிறார்கள் என்று தூரத்திலேயே தெரிய வேண்டுமல்லவா?

பணம் கொடுத்து வண்டியை ஓட்டி வந்தவுடன் பலர் ஒரு காரியத்தை ஒத்திப்போட்டுவிடுகிறார்கள். அது பெயர் மாற்றம். வாங்கியவர் 30 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். விற்றவருக்கும் இதில் அக்கறை வேண்டும். விபத்து நடந்தால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்ற முறையில் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. 'விற்று விட்டேனே' என்று சொல்லித் தப்ப முடியாது.

பெயர் மாற்றி வந்த ஆர்.சி.யை அக்கா எனக்குக் காட்டினாள். உரிமையாளர் என்ற இடத்தில் அவளுடைய பெயர்! அத்தான்தான் அப்படி எழுதச் சொன்னாராம்.

தை மாதம் நான் போயிருந்தபோது அந்த ஜீப்பில் தோட்டத்துக்குப் போனேன். சாயங்காலம் பனி இறங்குகிற நேரத்தில் திரும்பினோம். பின்னால் நாலு பெண்கள், அவர்கள் மடியில் தூக்குவாளி, காலடியில் ஒரு மூட்டைப் பச்சை ஏலக்காய். வாசனை தூக்கிற்று. 'லோ'வில் முனகிக்கொண்டு ஜீப் மண் பாதையில் இறங்கியது. சிறிது நேரம் பெண்கள் ஊர் வம்பு பேசினார்கள். பிறகு சத்தத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தேன்.

ஒருத்தி தோள்மேல் ஒருத்தி சாய்ந்து நாலு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முன் ஸீட்டில் அக்காவுக்கும் கண் சொருகிக்கொண்டு வந்தது. பதினெட்டு வருஷமாக அந்த இறக்கத்தில் அவள் தூங்கியதில்லை.

மாப்பிள்ளை நல்லவர்தான்!